புள்ளியும் இரும்பும்

கொஞ்சம் அந்தப் பக்கமா நகர்ந்துக்கோங்க சார், முழங்கால் இடிக்கி. இது மதுரை பஸ்தானே? போர்டைப் படிச்சுட்டுத்தான் ஏறினேன், இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதது நல்லது. இப்பல்லாம் போர்டுல எழுத்தை ஓட விடுதானுவ. எவன் படிப்பான்.

என்ன படம் அது, போன்ல? சத்தத்தை வச்சே தெரியுது, டுமீல் டுமீல்னு. அவன் துப்பாக்கி மேல கண்ணாடிச் சில்லு மாதிரி ஒண்ணு ஒட்டிருக்கா? ஒட்டிருக்கும். இப்ப அது இல்லாம ஒருத்தனும் துப்பாக்கியைத் தூக்க மாட்டேங்கான். ரெட் டாட்னு பேரு. அதை அணைச்சு வையுங்க சார், நான் உங்களுக்கு நடந்ததையே சொல்லுதேன். கோவில்பட்டி வர்றதுக்குள்ள முடிஞ்சிரும்.

நான் ஆர்மரர். போலீஸ் ஆயுதப்படையில துப்பாக்கியெல்லாம் பாத்துக்கிடுதவன். எஸ்.ஐ. ரேங்க். முப்பத்து நாலு வருசம். தளவாய்னு பேரு சொன்னா எங்க மாவட்டத்துல பழைய ஆளுவளுக்குத் தெரியும். என் கையில வந்த துப்பாக்கி கோணலாச் சுட்டதா ஒருத்தன் சொன்னது கிடையாது. சொன்னவனும் அப்புறம் சொன்னது கிடையாது.

துப்பாக்கியில எய்ம் எடுக்கிறது பெரிய வித்தையில்ல சார். நுனியில ஒரு முளை இருக்கும், அது போர்சைட். பின்னால ஒரு பள்ளம் இருக்கும், அது பேக்சைட். பள்ளத்துக்கு நடுவுல முளையை நிறுத்தணும், முளைக்கு மேல ஆளை நிறுத்தணும், சுடணும். எல்லாம் இரும்பு. தேயாது, சாகாது, கரண்டு கேக்காது. கண்ணு மட்டும் வேணும்.

ரெட் டாட் என்னன்னா, பிஸ்டல் முதுகு மேல பெட்டி மாதிரி ஒண்ணை ஏத்திருவான். அதுல பெருவிரல் அகலத்துக்கு ஒரு கண்ணாடி. அதுக்குள்ள பாத்தா சிவப்பா ஒரு புள்ளி. புள்ளி எங்க நிக்கோ அங்க குண்டு போகுமாம். எய்ம் தெரியாதவனும் எய்ம் எடுக்கலாமாம். சமைக்கத் தெரியாதவனுக்குப் பொட்டலத்துல சாம்பார் விக்கானுவல்ல, அந்தக் கதை.

எங்களுக்கு அது பன்னிரண்டு வந்துச்சு, பன்னிரண்டு புது பிஸ்டலோட. தை மாசம். கூடவே ஒரு இன்ஸ்பெக்டரம்மாவும் மாத்தலாகி வந்துச்சு, பெனிட்டா ஜெயராணின்னு. தூத்துக்குடிப் பக்கம். எங்கயோ வடக்க போயி ஆறு வாரம் கோர்ஸ் படிச்சுட்டு வந்திருக்கு. ஆறு வாரம். நான் துப்பாக்கிக்கு எண்ணெய் போட ஆரம்பிச்சப்ப அது பால்வாடியில இருந்திருக்கும். கையில ஒரு நோட்டு, எப்பப் பாத்தாலும் எழுதிக்கிட்டே இருக்கும். எழுதுத கையால எவன் சுட்டிருக்கான்.

அந்தம்மா வந்த முத வாரமே ஒரு குறை கண்டுபிடிச்சுட்டு. பிஸ்டலோட வந்த இரும்பு சைட் குட்டையா இருக்கு, கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால மறைஞ்சு போவுது, புள்ளி அணைஞ்சு போனா ஆளு எதைப் பாத்துச் சுடுவான்னு கேட்டுச்சு. நான் சொன்னேன், அப்ப அந்தப் பெட்டியைக் கழத்திப் போட்டுட்டா இரும்பு நல்லாத் தெரியும் மேடம்னு. எல்லாவனும் சிரிச்சானுவ. அதுவும் சிரிச்சுச்சு. சிரிச்சுட்டு மேல எழுதிப் போட்டு, உயரமான இரும்பு சைட் பன்னிரண்டு ஜோடி வரவழைச்சுட்டு. அதைப் போட்டா, கண்ணாடிக்குள்ள அடியில இரும்பு தலையைக் காட்டும். புள்ளி இருந்தா புள்ளி. இல்லன்னா அதே கண்ணாடி வழியா இரும்பு.

அதுக்கு அந்தம்மா வச்ச பேரு என்ன தெரியுமா? பேக்கப்பாம். நம்ம பாஷையில சொன்னா ஸ்டெப்னி. முப்பத்து நாலு வருசம் வண்டியை ஓட்டினது இந்த இரும்பு சார். அது இப்ப டிக்கியில கிடக்கணும், நேத்து வந்த பேட்டரிப் பூச்சி முன் சீட்டுல உக்காரணும். இருந்தாலும் உத்தரவு. மாட்டினேன்.

மாட்டினா போதாது, ஜீரோ பண்ணணும். எய்ம் வச்ச இடத்துலயே குண்டு விழுதான்னு சுட்டுப் பாத்து, விழலன்னா பேக்சைட்டை இம்மி இம்மியாத் தட்டி நகத்தணும். பித்தளைக் கம்பியை வச்சு சுத்தியலால தட்டணும், மணிக்கட்டு அதிராம. பன்னிரண்டையும் நானே சுட்டு, நானே தட்டினேன். பன்னிரண்டும் நடுவுல. எனக்கு நல்லாத் தெரிஞ்சுது, அட்டையில நடுவுல ஓட்டை.

அப்ப ஹெட் கான்ஸ்டபிள் ஒருத்தன், கொம்பையான்னு, அம்பாசமுத்திரத்துக்காரன், அவன் ஒரு பிஸ்டலை வாங்கி இரும்பு சைட்டை வச்சு அஞ்சு ரவுண்டு சுட்டான். அஞ்சும் இடதுபக்கம் நாலு விரக்கடை தள்ளி விழுந்திருக்குன்னான். நான் சொன்னேன், உன் மணிக்கட்டைப் பாருன்னு. இன்னொன்னை எடுத்தான், அதுவும் இடதுபக்கம்னான். உன் ரெண்டு மணிக்கட்டும் கோணல்னா நான் என்னல செய்வேன்னு கேட்டேன். பிஸ்டலை வச்சுட்டுப் போயிட்டான். நல்ல பய, ஆனா இந்தக் காலத்துப் பயலுவளுக்குத் தப்பு எப்பவும் கருவியிலதான்.

அந்தம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டு, தளவாய் சார், கண்ணைக் கொஞ்சம் காட்டிட்டு வாங்களேன், நாப்பது தாண்டினா கிட்ட இருக்கிற முளை எல்லாருக்குமே கலங்கித்தான் தெரியும், நீங்க ரெட் டாட்டை வச்சு ஒரு தடவை சுட்டுப் பாருங்க, லேசா இருக்கும்னுச்சு. லேசா இருக்குமாம். நான் என்ன லேசானதையா தேடி வந்தேன். வருசா வருசம் டிபார்ட்மென்ட் கண் டெஸ்ட்ல நான் ஒரு எழுத்து விட்டது கிடையாது. அந்தப் போர்டு மேல இருந்து கீழ வரைக்கும் எனக்கு மனப்பாடம் சார். இப்பமும் சொல்லுவேன்.

மதுரைக்கு எதுக்குப் போறேன்னு கேக்கீங்களா? மக அங்க இருக்கா. கண்ணாஸ்பத்திரியில டோக்கன் போட்டு வச்சிருக்கா. எனக்கு ஒண்ணுமில்ல, அவ மனசு திருப்திக்குப் போறேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை எதையோ மறந்து வச்சுட்டேன்னு சுட்டுப் பழகுத ரேஞ்சுப் பக்கம் போனேன். பாத்தா அந்தம்மாவும் கொம்பையாவும். மேசையில பன்னிரண்டு பிஸ்டலும் வரிசையா. திருகு வச்ச ஒரு சின்ன கருவியில பிஸ்டலைப் பிடிச்சு வச்சு, பேக்சைட்டைத் திருகித் திருகி, சுட்டுச் சுட்டுப் பாத்துக்கிட்டிருக்காவ. என்னைக் கண்டதும் கொம்பையா மேசை மேல துணியை இழுத்துப் போட்டான். சும்மா பிராக்டிஸ்தான்யா, துடைச்சு வைக்கோம்ங்கான். அந்தம்மா டீ சாப்பிடுதீங்களான்னு கேக்கு. லீவு நாள்ல இவ்வோளுக்கு என்ன வேலைன்னு நினைச்சேன். அரசாங்கத்து ரவுண்டு நூறாவது கரைஞ்சிருக்கும். சரி, விளையாடிட்டுப் போகட்டும்னு வந்துட்டேன்.

இப்ப பேட்டரிக்கு வாரேன். அந்தப் புள்ளிக்கு ஒரு பொத்தான் பேட்டரி. அந்தம்மா ஆர்மரிச் சுவத்துல ஒரு தாளை ஒட்டிட்டு: ஜனவரி ஒண்ணாந்தேதியும் ஜூலை ஒண்ணாந்தேதியும் பன்னிரண்டுக்கும் பேட்டரி மாத்தணும், மாத்தி ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடணும். யாரு? நான்.

செஞ்சவன் கொடுத்த காகிதத்துல ரெண்டு வருசம் ஓடும்னு போட்டிருக்கு சார். ரெண்டு வருசம் ஓடுததை எதுக்கு ஆறு மாசத்துல தூக்கிப் போடணும்? இந்தப் பயலுவ சித்திரை வெயில்ல புள்ளி தெரியலன்னு வெளிச்சத்தை உச்சத்துல ஏத்தி வச்சுட்டு அப்படியே விட்டு, பேட்டரி சீக்கிரம் தீந்துச்சுன்னா அது அவனுவ பொறுப்பு. பேட்டரி டப்பா வந்துச்சு, பீரோவுல வச்சேன். ஜூலை ஒண்ணாந்தேதி கையெழுத்தைப் போட்டேன். டப்பாவைப் பிரிக்கணும்னு எனக்குத் தோணல. சொல்லப் போனா, பிரிக்கக் கூடாதுன்னு தோணுச்சு. அது ஒருநாள் அணையட்டும், அன்னைக்கு எல்லாவனுக்கும் இரும்போட அருமை தெரியட்டும். ரேஞ்சுல வச்சு அணையும்னு நினைச்சேன். நாலு பேரு முன்னால, அந்தம்மா நோட்டும் கையுமா நிக்கும்போது.

ஐப்பசி கடைசி. நல்ல மழை. ஒரு கொலைக் கேசுல சாட்சி சொல்ல ஒரு பொம்பளையைக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். மரிய புஷ்பம்னு பேரு, முப்பத்தஞ்சு வயசு இருக்கும், பீடி சுத்துதவ. அவ தம்பியை அவ கண்ணு முன்னாலயே வெட்டிட்டானுவ. ஊருல எல்லாவனும் பாத்தான், வாயைத் திறந்தது இவ ஒருத்திதான். மிரட்டல் இருந்துச்சு. பாதுகாப்புக்குக் கொம்பையாவைப் போட்டாவ.

காலையில ஏழரைக்கு ஆர்மரியில வந்து பிஸ்டலை வாங்கினான். வாங்கினவன் கண்ணாடியை உத்துப் பாத்தான். ஜன்னல் பக்கம் திருப்பிப் பாத்தான். மெதுவாத்தான் கேட்டான்.

"ஐயா, புள்ளி மங்கலாத் தெரியுது. பேட்டரி மாத்திட்டீங்களா?"

"மாத்தியாச்சு. ரிஜிஸ்டர்ல பாரு. உன் கண்ணுதான் மங்கல்."

அவன் ரிஜிஸ்டரைப் பாக்கல. சரிங்கய்யான்னுட்டு உறையில செருகிட்டுப் போனான்.

அதுக்கப்புறம் நடந்தது விசாரணையில வந்தது, அப்படியே சொல்லுதேன். கோர்ட்டு வாசல்ல ஜீப்பை நிறுத்தி அவளை இறக்கியிருக்கான். மழைக்கு எல்லாவனும் டீக்கடைத் தகரத்துக்குக் கீழ ஒண்டி நின்னிருக்கானுவ. அந்தக் கூட்டத்துல இருந்து ரெண்டு பேரு வந்தானுவ, சட்டைக்குள்ள இருந்து அரிவாளை உருவிக்கிட்டு. பத்து எட்டு இருக்கும். கொம்பையா பிஸ்டலை எடுத்துட்டான். நல்ல வேகம், அதெல்லாம் நான் குறை சொல்ல மாட்டேன். எடுத்துக் கண்ணாடியில பாத்தா புள்ளி இல்ல.

பத்து மாசமா புள்ளியைப் பாத்தே பழகின கண்ணு. அது புள்ளியைத்தான் தேடும். பிஸ்டலை ஏத்திப் பாத்திருக்கான், இறக்கிப் பாத்திருக்கான். ஒரு தட்டு தட்டியிருக்கான், டிவி ரிமோட்டைத் தட்டுத மாதிரி. அதுக்குள்ள முத ஆளு கிட்ட வந்துட்டான். வெட்டு அவ கழுத்துக்கு. கொம்பையா இடது கையைக் குறுக்க நீட்டிட்டான்.

மூணு விரலு போச்சு. நரம்பும் போச்சு.

அப்புறம் பாத்திருக்கான், கண்ணாடிக்குள்ள அடியில இரும்பு. ஒத்தக் கையாலே பள்ளத்துல முளையை நிறுத்திச் சுட்டான். ஒரே குண்டு. வெட்டினவன் தொடையில, எலும்பைத் தொடாம. அவன் அங்கனயே விழுந்தான், பொழைச்சுக்கிட்டான், இப்ப ஜெயில்ல இருக்கான். மத்தவன் அரிவாளைப் போட்டுட்டு ஓடி கேட்டுல மாட்டினான். அவ மேல ஒரு கீறல் இல்ல.

இப்ப நீங்களே சொல்லுங்க சார். எது காப்பாத்திச்சு? புள்ளியா, இரும்பா? நான் பேப்பர்ல வரும்னு எதிர்பார்த்தேன். இரும்பு சைட்டை மாட்டினது ஆர்மரர் தளவாய்னு ஒரு வரி. வந்தது என்ன? அந்தம்மா மறுநாள் ஆர்மரிக்கு வந்துச்சு. பீரோவைத் திறந்துச்சு. டப்பா ஒட்டுப் பிரிக்காம இருந்துச்சு. ரிஜிஸ்டரை எடுத்து என் முன்னால விரிச்சுச்சு.

"தளவாய் சார், இந்தக் கையெழுத்து உங்களோடதுதானா?"

"ஆமா மேடம்."

அவ்வளவுதான். கத்தல, ஒண்ணும் செய்யல. கத்தினா ஒரு மனுசன் பதில் சொல்லலாம். அது பாட்டுக்கு நோட்டை மூடிட்டுப் போயிட்டு. இப்படி ஒரு ஆபீசரை நான் பாத்தது இல்ல.

விசாரணைக்கு ஒரு டி.எஸ்.பி. வந்தாரு. கொம்பையா கையில பெரிய கட்டோட வந்து உக்காந்தான். பேட்டரியைப் பத்திக் கேட்டாரு, அதுக்கு அவன், காலையில புள்ளி மங்கலாத்தான் இருந்துச்சு, நான்தான் கவனிக்காம எடுத்துட்டுப் போயிட்டேன்னான். என்கிட்ட கேட்டதை அவன் சொல்லல. மறந்திருப்பான், வலியில. அப்புறம் டி.எஸ்.பி. கேட்டாரு, ஒத்தக் கையில, மழையில, இவ்வளவு கச்சிதமாப் பட்டிருக்கே, அந்த இரும்பு சைட்டை ஜீரோ பண்ணினது யாருன்னு.

கொம்பையா அந்தம்மாவைப் பாத்தான். அந்தம்மா காகிதத்தைப் பாத்துக்கிட்டிருந்துச்சு.

"ஆர்மரர் ஐயாதான் சார்"னு சொன்னான்.

அந்த ஒரு இடத்துலயாவது உண்மையைச் சொன்னான் பாருங்க. அந்தம்மாவால வாயைத் திறக்க முடியல. அதை வச்சுத்தான் எனக்கு மெமோவோட போச்சு, இல்லன்னா சஸ்பென்ஷன்னு ரைட்டர் சொன்னான். மெமோவைக் கொடுத்து, ஆர்மரிச் சாவியை வாங்கிக்கிட்டு, கூடாரம் தார்ப்பாய் வைக்கிற கிடங்குல கொண்டு போட்டானுவ. முப்பத்து நாலு வருசம் துப்பாக்கி பாத்தவன் மூணு மாசம் எலி கடிச்ச தார்ப்பாயை எண்ணிக்கிட்டிருந்தேன். மாசி மாசம் ரிடையர்மென்ட். ஒரு மாலை, மிக்சர், டீ. அந்தம்மா வந்து கை கொடுத்துச்சு. நான் கொடுத்தேன், கொடுக்காம என்ன.

கொம்பையா இப்ப கண்ட்ரோல் ரூம்ல உக்காந்து வயர்லெஸ் பேசுதான். ரெண்டு கையால பிஸ்டல் பிடிக்க முடியாதுல்ல. நிழல்ல உக்காந்து சம்பளம், என்ன குறை. நான் ரெண்டு தடவை போன் போட்டேன், எடுக்கல. டூட்டியில இருந்திருப்பான். இந்தக் காலத்துல எவனுக்கு நன்றி இருக்கு. அவன் கையில இருந்த இரும்பு நான் மாட்டினது சார்.

அவளாவது வந்தா. அந்த மரிய புஷ்பம். கேசு முடிஞ்சு தண்டனையும் சொல்லியாச்சு. அதுக்கப்புறம், போன மாசம், ஒரு மத்தியானம் வீட்டு வாசல்ல வந்து நிக்கா, கையில ஒரு ஓலைப்பெட்டி கருப்பட்டியோட. என் வீட்டுக்காரி கல்யாண வீட்டுக்குப் போயிருந்தா, நான் மட்டும்தான். யாருன்னு கேட்டேன், கிட்ட வந்தப்புறம்தான் அடையாளம் தெரிஞ்சுது. கொம்பையா அண்ணன்தான் வீட்டைச் சொல்லிச்சு, நீங்க சரிபண்ணி வச்சிருந்ததாலதான் குண்டு தப்பாமப் பட்டுச்சுன்னு சொல்லிச்சு, நீங்கதான் என் உசிரைக் காப்பாத்தினீயன்னு சொல்லிட்டு, நான் தடுக்கதுக்குள்ள கால்ல விழுந்துட்டா.

எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. ஏன் பொய் சொல்லணும். முப்பத்து நாலு வருசத்துல எவனும் செய்யாததை ஒரு பீடி சுத்துதவ செஞ்சா. உக்காரச் சொன்னேன். தரையில உக்காந்தா. அந்தக் கேசைப் பத்தி, அவ தம்பி பிள்ளைய இப்ப பள்ளிக்கூடம் போறதைப் பத்தி, என்னவெல்லாமோ சொல்லிக்கிட்டிருந்தா. அப்புறம் கேட்டா.

"அய்யா, ஒண்ணு கேக்கட்டுமா. கொம்பையா அண்ணன்கிட்டக் கேட்டேன், அது சொல்ல மாட்டேங்குது. அவனுவ ஓடி வாரானுவ, நான் அண்ணனைத்தான் பாக்கேன். அது துப்பாக்கியைத் தூக்கிட்டு, சுடாம, அதுக்குள்ள எதையோ தேடிச்சு. ஏத்தியும் இறக்கியும் தேடிச்சு. என்னத்தத் தேடிச்சு அய்யா?"

எய்ம் எடுத்திருப்பான்னு சொன்னேன்.

"இல்ல அய்யா. எய்ம் அதுக்கப்புறம் எடுத்துச்சு, கை போனப்புறம். அதுக்கு முன்னால தேடிச்சே. எனக்குத் தூங்கவே முடியல. கண்ணை மூடினா அது மூஞ்சிதான். இருக்கும்னு நம்பி வந்த சாமான் அங்க இல்லாத மாதிரி ஒரு மூஞ்சி."

அவளுக்கு என்னத்தைச் சொல்ல. பேட்டரின்னா புரியுமா, ஜீரோயிங்னா புரியுமா. ஆறு வாரம் கோர்ஸ் படிச்சதுக்கே புரியல. இரு, உனக்குக் குடிக்கத் தண்ணி கொண்டாரேன்னு உள்ள போனேன். செம்புல தண்ணியை மோந்தேன். மோந்து கையில வச்சுக்கிட்டு அடுப்படியிலயே நின்னேன். வெளிய அவ ரெண்டு தடவை அய்யா அய்யான்னு கூப்பிட்டா. அப்புறம், கருப்பட்டி இங்கன இருக்கு, எறும்பு ஏறிராம எடுத்து வச்சுக்கோங்கன்னா. கேட்டைச் சாத்துத சத்தம் கேட்டுச்சு. அதுக்கப்புறமும் கொஞ்ச நேரம் நின்னேன் சார், செம்பும் கையுமா.

கால் மரத்துப் போச்சு, அதான். வயசாவுதுல்ல.